பூசிங்கன் கிராமமும் ஒரு பங்காளிச் சண்டையும்



ஜெர்மனியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், போரைப் பற்றியோ ஹிட்லரைப் பற்றியோ பேசுவோம் என்று தோழர்கள் நினைத்திருக்கலாம். அந்தச் சங்கதிகளைப் பேச நம்மைவிடப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவரல்ல. பூகோளப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே ஊர் ஊராய்த் தடவிப் பார்த்துப் படித்தவர். அப்படித் தடவியபோது ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. சுவிட்ஜர்லாந்து தேசத்தின் வயிற்றுக்குள், நாலுபக்கமும் சுவிட்ஜர்லாந்து சூழ, ஒரு சிறு பொட்டு மாத்திரம் ஜெர்மனியின் வர்ணத்தில் இருந்தது. அச்சுப் பிழையோ என்று முதலில் நினைத்தோம். பிழைதான்; ஆனால் அச்சுக்காரன் செய்ததல்ல. யார் செய்த பிழை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அந்த ஊரின் பெயர் பூசிங்கன். ரைன் நதி போடன் ஏரியை விட்டு மேற்கே ஓடிவரும் வழியில், வடகரையில் இருக்கிறது. பக்கத்துப் பட்டணம் ஷாஃப்ஹவுசன். அது சுவிட்ஜர்லாந்தைச் சேர்ந்தது. ஊரின் மொத்தப் பரப்பு 7.62 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 1500. எல்லையைச் சுற்றி நடந்தால் ஏறக்குறைய 17 கிலோமீட்டர்; காலையில் கிளம்பின ஆள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்றுபக்கமும் ஷாஃப்ஹவுசன் மாகாணம். தெற்கே ஆறு, ஆற்றின் அக்கரையும் சுவிட்ஜர்லாந்துதான். இந்த ஊருக்கும் மற்ற ஜெர்மனிக்கும் நடுவே மிகவும் குறுகலான இடத்தில் சுமார் 700 மீட்டர்தான் தூரம். நடுவில் மலையுமில்லை, கடலுமில்லை. டார்ஃப்ளிங்கன் என்ற சுவிஸ் கிராமத்து நிலந்தான் இருக்கிறது. வயதான கிழவர்கூட சுருட்டுப் பற்றவைத்து அது முடிவதற்குள் நடந்துவிடக்கூடிய தூரம். ஆனால் சர்க்கார் கணக்கில் அது அந்நிய தேசம்.

தேசத்தின் எல்லைகளை ஆண்டவன் வகுத்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆண்டவனை விட்டுவிட்டு, இயற்கை வகுத்தது, ஆறு வகுத்தது, மலை வகுத்தது என்கிறவர்களும் உண்டு. பூசிங்கனில் இயற்கை வகுத்திருந்தால் இந்த ஊர் என்றைக்கோ ஷாஃப்ஹவுசனோடு சேர்ந்திருக்கவேண்டும். பேச்சு ஒன்று, சந்தை ஒன்று, சம்பந்தம் செய்துகொள்ளும் இடமும் ஒன்று. இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். பூசிங்கன் மேட்டில் புனித மைக்கேல் பெயரால் ஒரு பழைய மாதாகோயில் இருக்கிறது. ஷாஃப்ஹவுசன் பட்டணத்துக்கே ஒரு காலத்தில் தாய்க்கோயில் அதுதானாம். அதாவது பட்டணத்துக்காரர்களின் மோட்சத்துக்கு வழி இந்தக் கிராமத்து மேட்டில்தான் இருந்தது! அப்படி ஆண்டவன் வீட்டாலேயே ஒன்றாயிருந்த இரண்டு ஊர்களும் பிரிந்ததற்குக் காரணம் என்ன? அதே ஆண்டவனை எப்படிக் கும்பிடுவது என்ற சண்டைதான், தோழர்களே.

16வது நூற்றாண்டில் கிறிஸ்தவ மதம் இரண்டாய்ப் பிளந்த சங்கதி உங்களுக்குத் தெரியும். ஷாஃப்ஹவுசன் பட்டணம் 1529இல் போப்பைத் தள்ளிவிட்டுச் சீர்திருத்தக் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஆனால் பக்கத்திலிருந்த பூசிங்கன் நிலத்துக்கு மேல் அதிகாரம் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்தினுடையது. அவர்களோ அசல் கத்தோலிக்கர். நிலத்தை நேரில் அனுபவித்து வரிவாங்கி வந்தது இம் தூர்ன் என்ற ஷாஃப்ஹவுசன் பெரிய குடும்பம். ஆகவே, ஜமீன்தார் குடும்பம் ஒரு மதக்கட்சி, அவர்களுக்கு மேலே இருக்கும் ராஜா வேறு மதக்கட்சி. நடுவில் உழுதுகொண்டிருந்த குடியானவனை எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமுமில்லை.

1693ஆம் வருஷம் பூசிங்கனுக்கு ஜமீன்தாராயிருந்தவர் எபர்ஹார்ட் இம் தூர்ன். இவர் கத்தோலிக்கப் பக்கம் சாய்கிறார் என்று சொந்தக் குடும்பத்தாருக்குச் சந்தேகம் ஏற்பட்டது. குடும்பத்திற்குள் வேறு பல மனஸ்தாபங்களும் இருந்திருக்கும். சொத்துள்ள வீட்டில் மதச்சண்டை தனியாய் வருவதில்லை. முடிவில் அவருடைய பந்துக்களே அவரைப் பூசிங்கனிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஷாஃப்ஹவுசன் அதிகாரிகள் வசம் ஒப்புவித்துவிட்டார்கள். பட்டணத்தார் விசாரணை என்று ஒன்று நடத்தி அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். தம்முடைய ஜமீன்தாரைத் தம்முடைய நிலத்திலிருந்து அந்நியர் தூக்கிப்போய் அடைத்ததைக் கண்டு ஆஸ்திரியாவுக்குக் கோபம் வந்தது. மிரட்டிற்று, நெருக்கிற்று. சுமார் ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதரை வெளியில் விட்டார்கள்.

மனிதர் வெளியில் வந்தார். ஊர் உள்ளே மாட்டிக்கொண்டது. இதைக் கவனியுங்கள். ஆஸ்திரியா இந்த அவமானத்தை மறக்கவேயில்லை. 1770இல் பக்கத்திலிருந்த ராம்சன், டார்ஃப்ளிங்கன் என்ற இரண்டு கிராமங்களின் அதிகாரத்தை சூரிச் பட்டணத்துக்கு விலைக்குக் கொடுத்தது. பணம் வேண்டியிருந்தது, கொடுத்தது. ஆனால் பூசிங்கனை மட்டும் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாய் வைத்துக்கொண்டது. ஷாஃப்ஹவுசன்காரர்களுக்கு என்றென்றைக்கும் எரிச்சலாயிருக்கட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாகச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். டார்ஃப்ளிங்கன் கை மாறியதும் பூசிங்கன் தனித்தீவாகிவிட்டது. அந்த எபர்ஹார்ட்டும் அவரைத் தூக்கிப்போன பந்துக்களும், கோபித்துக்கொண்ட ராஜாவும் மண்ணோடு மண்ணாகி நூற்றாண்டுகள் ஆகின்றன. அவர்கள் கோபத்திற்கு மாத்திரம் இன்றைக்கும் எல்லைக்கல் நட்டுக் காவல் காக்கிறார்கள்!

பிறகு நடந்ததெல்லாம் மாட்டுச் சந்தைக் கதைதான். நெப்போலியன் ஆஸ்திரியாவை அடித்து நொறுக்கினதும் 1805இல் பூசிங்கன் வூர்ட்டம்பர்க் ராஜ்யத்துக்குப் போயிற்று. ஐந்து வருஷம் கழித்து, 1810இல், பாடன் ராஜ்யத்துக்குப் போயிற்று. 1871இல் பாடன் ஜெர்மன் சாம்ராஜ்யத்தில் சேர்ந்ததால் இந்த ஊரும் சேர்ந்தது. கயிறு கைமாறுகிறபோது மாட்டை யார் கேட்பது?

இடையில் 1849இல் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அந்த வருஷம் பாடன் நாட்டில் ஜனங்கள் ராஜாவுக்கு எதிராய்க் கிளம்பிக் குடியரசு கேட்டார்கள். பிரஷ்யாவும் மற்ற ராஜ்யங்களும் பட்டாளம் அனுப்பி அதை அடக்கின. பூசிங்கனிலும் புரட்சிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று ஹெஸ்ஸன் நாட்டுப் பட்டாளம் ஒன்று ஜூலை மாதம் கான்ஸ்டன்ஸிலிருந்து நீராவிக் கப்பலேறி ரைன் வழியாய் வந்து ஊரில் இறங்கிற்று. வரும் வழியில் சுவிஸ் எல்லையைக் கடந்துதான் வந்திருக்கவேண்டும். அதைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சுவிஸ் சர்க்கார் இது தன் நடுநிலைமைக்கு அவமதிப்பு என்று பட்டாளத்தைத் திரட்டித் திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டது. புரட்சிக்காரரைப் பிடிக்க வந்தவர்கள் தாங்களே பொறிக்குள் எலியாய் அகப்பட்டுக் கொண்டார்கள். கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, சுவிஸ்காரர்கள் கூடவே காவல் வர, ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஒரு ஐரோப்பிய யுத்தமே மூண்டிருக்கக்கூடிய சம்பவம். மூலம் என்ன? 1693இல் ஒரு வீட்டுக்குள் நடந்த மதச்சண்டை.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். முதல் உலக யுத்தம் முடிந்த தறுவாயில், 1918-19 வாக்கில், முதன்முதலாக ஊராரிடமே கேட்கப்பட்டது: “நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?” நூற்றுக்கு 96 வோட்டு சுவிட்ஜர்லாந்துக்கு விழுந்தது. நூற்றுக்கு 96! இதைவிடத் தெளிவாய் ஒரு ஊர் தன் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஊரைக் கொடுப்பதானால் பதிலுக்குச் சரியான நிலம் வேண்டுமென்றது ஜெர்மனி. அப்படிக் கொடுக்கத் தகுந்த நிலம் சுவிட்ஜர்லாந்திடம் இல்லை. ஜனங்களின் அபிப்பிராயம் பெட்டியில் எண்ணப்பட்டது, காகிதத்தில் எழுதப்பட்டது, அலமாரியில் வைக்கப்பட்டது.

இங்கே நம் தாய்மார்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த 96 பேர் கேட்டது கிடைத்திருந்தால் எல்லோருக்கும் நன்மைதானே என்று நாமும் முதலில் நினைத்தோம். பிறகு யோசித்தோம். பாடன் நாட்டில் 1919 ஜனவரி 5ஆம் தேதி நடந்த எலெக்ஷனில் பெண்கள் வோட்டுப் போட்டார்கள். ஜெர்மனியில் பெண்கள் வோட்டுப் போட்ட முதல் பெரிய எலெக்ஷன் அதுதான். சுவிட்ஜர்லாந்திலோ, ஜனநாயகத்தின் தொட்டில் என்று ஊரெல்லாம் புகழும் அந்தச் சுவிட்ஜர்லாந்தில், தேச எலெக்ஷனில் பெண்ணுக்கு வோட்டுரிமை கிடைத்தது 1971இல்! அதுவும் ஆண்கள் மாத்திரம் வோட்டுப் போட்டுத் தீர்மானித்த பிறகு. ஆகவே 1919இல் ஊர் மாறியிருந்தால், பூசிங்கன் பெண்கள் கையில் அப்போதுதான் வந்த வோட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்திருக்கும். மறுபக்கமும் சொல்லிவிடவேண்டும். மாறாமல் இருந்ததால் 1933இல் ஹிட்லர் வந்தபோது ஆணின் வோட்டும் பெண்ணின் வோட்டும் சேர்ந்தே மதிப்பற்றுப் போயிற்று; ஊர் வாலிபர்கள் பட்டாளத்துக்கும் போகவேண்டியிருந்தது. எந்த வர்ணத்துக் கொடியும் தானாக மனிதனுக்கு உரிமை கொடுத்துவிடுவதில்லை என்பதை இந்தச் சின்ன ஊரைவிட வேறெங்கே பார்க்கமுடியும்?

இரண்டாவது யுத்த காலத்தில் நடந்த ஒன்றைக் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். பூசிங்கன் வாலிபன் ஜெர்மன் சிப்பாய் உடுப்போடு லீவில் வீட்டுக்கு வருகிறான். நடுவில் நடுநிலைமை வகிக்கும் சுவிஸ் மண். என்ன செய்வது? கைலிங்கன் எல்லைச் சாவடியில் துப்பாக்கியை வைத்துவிடவேண்டும். சுவிஸ் காவலர்கள் ஒரு பெரிய மேல்கோட்டைக் கொடுப்பார்கள். அதை மேலே போட்டு உடுப்பை மறைத்துக்கொண்டு டார்ஃப்ளிங்கன் வழியாய் நடந்து தன் தாயாரைப் பார்க்கப் போகவேண்டும். கோட்டுக்கு மேலே அவன் நடுநிலைமைக்காரன். கோட்டுக்கு உள்ளே ஹிட்லர் சிப்பாய்!

யுத்தத்துக்குப் பிறகு இரண்டு சர்க்காரும் நிதானத்துக்கு வந்து, வருஷக்கணக்கில் பேசி, 1964 நவம்பரில் ஒரு உடன்படிக்கை எழுதிக்கொண்டன. அது 1967 அக்டோபர் 4ஆம் தேதி அமுலுக்கு வந்தது. வெரேனாஹோஃப் என்று, பூசிங்கனைப் போலவே சுவிஸ் மண்ணுக்குள் அகப்பட்டிருந்த இன்னொரு ஜெர்மன் துண்டு இருந்தது, மூன்றே வீடுகள். அதை நிலத்துக்கு நிலம் மாற்றிச் சுவிட்ஜர்லாந்தோடு சேர்த்துவிட்டார்கள். மூன்று வீட்டுக்குக் கிடைத்த மாற்று நிலம் ஒரு ஊருக்குக் கிடைக்கவில்லை. பூசிங்கன் ஜெர்மனியாகவே நின்றது. ஆனால் சுங்க விஷயத்தில் சுவிட்ஜர்லாந்தோடு சேர்க்கப்பட்டது.

இதன் பலனாய் அங்கே குடித்தனம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட்டு ஜெர்மனியது, கடையில் பெரும்பாலும் புழங்குவது சுவிஸ் பிராங்க். சர்க்கார் கணக்கில் யூரோதான் நாணயம், ஆனால் சட்டைப்பையில் இருப்பது பிராங்க். ஜெர்மனியின் விற்பனை வரி அங்கே செல்லாது. சுவிஸ் வரிதான் விதிக்கப்படுகிறது. அந்த வரியில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்பித் தருவதற்கு 2000இல் தனியாக ஒப்பந்தம் செய்தார்கள். விவசாயிக்குச் சுவிஸ் விவசாயச் சட்டம். தபாலுக்கு இரண்டு தேசத்து எண்கள்: ஜெர்மனியிலிருந்து எழுதினால் 78266, சுவிட்ஜர்லாந்திலிருந்து எழுதினால் 8238. டெலிபோனுக்கும் அப்படியே இரண்டு. மோட்டார் வண்டிகளுக்கு இந்த ஒரு ஊருக்கென்றே தனி எழுத்து. போலீஸ் கணக்கு இன்னும் வேடிக்கை. எந்த நேரத்திலும் ஊருக்குள் சுவிஸ் போலீசார் பத்துப் பேருக்குமேல் இருக்கக்கூடாது. ஜெர்மன் போலீசார் நூறு குடிகளுக்கு மூன்று பேருக்குமேல் இருக்கக்கூடாது. குற்றவாளிக்குக் கணக்குத் தெரிந்திருந்தால் எண்ணிப் பார்த்துக்கொண்டு ஓடலாம்.

சூரியன் விஷயத்திலும் தகராறு வந்தது. 1980இல் ஜெர்மனி கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்தது. சுவிட்ஜர்லாந்து அந்த வருஷம் தள்ளவில்லை, மறுவருஷந்தான் தள்ளிற்று. அந்த ஒரு கோடையில் பூசிங்கன் சுவிஸ் நேரத்தையே வைத்துக்கொண்டது. ஜெர்மனி முழுவதும் மணி எட்டு என்றால் இந்த ஜெர்மன் கிராமத்தில் ஏழு! ராகுகாலம் பார்க்கிற நம் ஜோசியரை அன்று அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து முகூர்த்தம் வைத்திருப்பார் என்பதே நமது சந்தேகம்.

இத்தனை கோணலுக்கு நடுவிலும் ஊர்க்காரியம் ஒழுங்காய் நடக்கிறது. எப்படியென்றால், ஸ்தல நிர்வாகம் ஊரார் கையில் இருக்கிறது. ஜெர்மனியின் 1949 அரசியல் சட்டம் 28வது விதியில், தன் ஊர்க்காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொரு கிராமத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது. பூசிங்கன் இருப்பது கான்ஸ்டன்ஸ் ஜில்லாவில், மாகாணம் பாடன்-வூர்ட்டம்பர்க். அந்த மாகாணச் சட்டப்படி ஆயிரத்துக்கு மேல் இரண்டாயிரம் வரை ஜனத்தொகையுள்ள ஊருக்குப் பத்து மெம்பர் கொண்ட சபை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எலெக்ஷன். மேயரை மெம்பர்கள் தங்களுக்குள் பேரம் பேசித் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரார் நேராகவே எட்டு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரே சபைக்குத் தலைவர், அவருக்கும் ஒரு வோட்டு.

வோட்டுப்போடும் முறையை நிதானமாய்க் கேளுங்கள், ஏனென்றால் இது ரொம்ப யோசித்துச் செய்த ஏற்பாடு. சபைக்குப் பத்து மெம்பர் என்றால் ஒவ்வொருவருக்கும் பத்து வோட்டு. பத்தையும் ஒரே கட்சிப் பட்டியலுக்குப் போட்டுவிட்டுப் போகலாம். அல்லது தனக்கு மிகவும் நம்பிக்கையான ஒருவருக்கு மூன்று வோட்டு வரையில் போடலாம். அல்லது இந்தப் பட்டியலில் இரண்டு பேர், அந்தப் பட்டியலில் மூன்று பேர் என்று கலந்து பொறுக்கிக்கொள்ளலாம். கட்சித் தலைவர் மேலே எழுதிக்கொடுத்த வரிசையை ஊரார் பென்சிலால் கீழே தள்ளிவிடலாம் என்று அர்த்தம். பதினாறு வயது நிரம்பிய பையனுக்கும் பெண்ணுக்கும் 2014 முதல் ஸ்தல எலெக்ஷனில் வோட்டு உண்டு. சபை செய்த தீர்மானம் பிடிக்காவிட்டால் போதுமான கையெழுத்துச் சேர்த்து ஊரார் வோட்டுக்கே அதைக் கொண்டுவரவும் வழியிருக்கிறது. ஜெர்மன் மாகாணங்களில் இதை முதலில் சட்டமாக்கியது இந்த மாகாணந்தான், 1956இலிருந்து.

இவ்வளவு சொல்லிவிட்டுக் குறையைச் சொல்லாமல் போனால் நாமும் புராணப் பிரசங்கியாகிவிடுவோம். ஊரில் இப்போது இருக்கும் பெரிய கஷ்டம் வருமானவரி. சம்பாதிப்பவர் அநேகர் சுவிட்ஜர்லாந்தில் வேலை செய்து பிராங்கில் கூலி வாங்குகிறார்கள். அரிசி, பருப்பு என்று நாம் சொல்வதுபோல ரொட்டி, வெண்ணெய் எல்லாம் சுவிஸ் விலைக்கு வாங்குகிறார்கள். ஆனால் வருமானவரி மாத்திரம் ஜெர்மன் விகிதத்தில் கட்டவேண்டும். அது சுவிஸ் விகிதத்தைவிடக் கனம். இதற்காக ஏதோ கொஞ்சம் கழிவு கொடுக்கிறார்கள். இருந்தாலும் குடும்பம் வைக்கும் வயதிலுள்ள வாலிபர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நாலு அடி தள்ளிச் சுவிஸ் பக்கம் குடிபோய்விடுகிறார்கள். ஊரில் வயதானவர்கள் விகிதம் அதிகமாகிறது. 1693இல் எவனோ ஒருவன் எந்தக் கோயிலில் மண்டியிட்டான் என்பதற்கு, இன்று பிள்ளை பெற்றவள் வரி கட்டுகிறாள்!

இதற்கு எதிராக, சுவிட்ஜர்லாந்திலிருந்து பூசிங்கனுக்குக் குடிவந்தவர்களும் கணிசமாய் இருக்கிறார்கள். வீடு வாங்கியிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அந்தத் தெருவில்தான் விளையாடுகின்றன. ஆனால் ஊர்ச்சபை எலெக்ஷன் வந்தால் அவர்களுக்கு வோட்டு இல்லை. இத்தாலிக்காரன் வந்து குடியிருந்தால் அவனுக்கு உண்டு, போலந்துக்காரனுக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துப் பிரஜைகளுக்கு ஸ்தல எலெக்ஷனில் வோட்டுக் கொடுக்க 1992இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுவிட்ஜர்லாந்து அந்த ஒன்றியத்தில் சேரவில்லை. ஆகவே நாலுபக்கமும் சூழ்ந்திருக்கும் அந்தத் தேசத்து மனிதன் ஒருவன் மட்டும், ஊர்ச் சாக்கடைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று சொல்லமுடியாமல் பூசிங்கன் சபையின் வாசலில் நிற்கிறான். இதை ஊர்ச்சபை தீர்மானம் போட்டு மாற்றமுடியாது, மாகாணச் சட்டசபையும் மாற்றமுடியாது. அரசியல் சட்டத்தின் அந்த 28வது விதியையே திருத்தவேண்டும். அதற்கு பெர்லினில் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு மெம்பர்கள் கை தூக்கவேண்டும். 1500 பேர் உள்ள ஊருக்காக அத்தனை கை தூக்குமா என்பதைத் தோழர்களே நினைத்துப் பார்க்கலாம்.

பூகோளப் படத்தை இந்த மேஜைமேல் விரித்து வைத்திருக்கிறோம். பொட்டு இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறது. வந்து பார்க்கிறவர்கள் பார்க்கலாம். கேள்வி இருந்தால் கேட்கலாம்.